முதல் வரிசை முட்டி

ராஜபாளையத்து அந்தத் தேவாலயத்தில் பெண்கள் சங்கம் கூடும்போது, ரோபோவைக் கொண்டு முட்டி மாற்றிக்கொண்டவர்கள் மட்டுமே முதல் வரிசை நாற்காலிகளில் அமர்வார்கள். மருத்துவரின் கையால் மாற்றிக்கொண்டவர்களுக்கு இரண்டாம் வரிசை. பிறந்த முட்டியோடு வலியைப் பொறுத்துக்கொண்டு வாழ்பவர்களுக்குப் பின்னால் பெஞ்சு. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, போதகர் அறிவிக்கவுமில்லை. பத்துக் கட்டளைகளில் ஒன்றிரண்டை மீறியவர்கள்கூட இதை மட்டும் மீறியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பிரிஸ்கில்லா, தன் தகுதி அறிந்து, பெஞ்சின் ஓரத்தில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். வரும் திங்கட்கிழமை முட்டி மாற்ற வரும்படி அரசு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கே ரோபோ கிடையாது.

"ஏட்டி, திங்கக்கெழம போறியா இல்லியா?" என்று முதல் வரிசையின் நடு நாற்காலியிலிருந்து திரும்பிக் கேட்டாள் அவளுடைய அக்கா கிருபாபாய்.

"போகலக்கா. கையால அறுக்கதுக்கு இந்த வலியே தேவல. ரோபோ வச்சு நீ ராணி கணக்கா நடக்க, ஒனக்கென்ன?"

இரண்டாம் வரிசையிலிருந்த பியூலாவுக்கு அது சுருக்கென்றது. "எனக்கும் கையாலதான் அறுத்தாவ. நான் என்ன தவழ்ந்தா வாரேன்?"

"ஒன் நட வேற, அக்கா நட வேற."

பியூலா, இரண்டாம் வரிசைக்குரிய அடக்கத்தோடு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைய சிறப்புப் பேச்சாளர் எலும்பு மருத்துவர் சக்ரபாணி. ஏழு ஆண்டுகளுக்கு முன் தம் மருத்துவமனைக்கு ரோபோவை வாங்கி, வாங்கிய வேகத்தில் கிருபாபாயின் முட்டியை மாற்றியவர். 'ரோபோ முட்டி: நீண்டகாலப் பலன்கள்' என்பது பேச்சின் தலைப்பு. நீண்ட காலம் பேசினார்.

"முடிவா, பலன் என்னங்கறதை நான் சொல்ல வேண்டாம். கிருபாபாய் அம்மாவே சொல்லட்டும்," என்று அமர்ந்தார்.

கிருபாபாய் எழுந்தாள். சபை பலமுறை கேட்டு, ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்த்த சாட்சி அது.

"ஊசி போட்டதுல இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போச்சு. கண்ண முழிச்சு ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே கெடந்தேன். ரோபோ எம்புட்டுச் சாதுங்கிய! ஒரு சத்தம் காட்டல. மூலையில பச்சப்புள்ள தூங்குத மாதிரி நின்னுச்சு. கண்ண மூடித் தெறக்கயில புது முட்டி!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றது சபை. இயந்திரத்தின் சாந்தகுணத்தை எண்ணி இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"கையால செஞ்ச ஒருத்தரும் கூட நடக்கட்டும். வித்தியாசம் தானா தெரியும்," என்றார் சக்ரபாணி.

பியூலா அழைக்கப்பட்டாள். இருவரும் பீடம் வரை நடந்தார்கள், படியேறி, இறங்கினார்கள். பியூலாதான் முன்னால் வந்து, கிருபாபாய் வரும்வரை மரியாதையாகக் காத்து நின்றாள்.

"வேகத்தைப் பார்க்காதீங்க. நளினத்தைப் பாருங்க," என்றார் சக்ரபாணி.

எல்லோரும் நளினத்தைப் பார்த்தார்கள். அது தெரியாதவர்கள் அதிகமாகத் தலையாட்டினார்கள்.

பிரிஸ்கில்லாவுக்கு நளினம் பளிச்சென்று தெரிந்தது. அக்காவுக்காக எழுந்து நின்று கைதட்ட நினைத்தாள். பாதி எழுந்தபோது முட்டி பிடித்துக்கொள்ள, "யம்மா!" என்று அலறியபடி பெஞ்சில் சரிந்தாள். வலி சற்று அடங்கியதும், மகன் சாம்சனுக்குப் போன் போட்டாள்.

"ஏலே, திங்கக்கெழம நான் வரலன்னு ஆஸ்பத்திரியில சொல்லிரு. பெரியம்மா மாதிரி ரோபோ கெடச்சா பாப்போம். இல்லன்னா இந்த முட்டியோடயே போய்ச் சேந்துக்கிடுதேன்."

தன் நாற்காலியை நோக்கி நடந்துகொண்டிருந்த கிருபாபாய் நின்றுவிட்டாள். ஏழு ஆண்டுகளாக அவள் முகத்தில் குடியிருந்த முதல் வரிசை மெல்லக் கலைவதைப் பிரிஸ்கில்லா பார்த்தாள்.

"போதும்மா, நீங்க உக்காருங்க," என்றார் சக்ரபாணி, அவசரமாக.

"உக்காருதேன், டாக்டரய்யா. சாம்சன அப்படியே லைன்ல நிப்பாட்டுட்டி பிரிஸ்கில்லா."

சொல்லிவிட்டு, இரண்டாம் வரிசைக்குத் திரும்பப் போன பியூலாவின் கையைப் பற்றி இழுத்துவந்தாள். முதல் வரிசையில் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"ஐயோ, வேண்டாங்க்கா!" என்று பியூலா பதறினாள். "இது ரோபோக்காரவிய எடம்லா!"

கிருபாபாய் அவளைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தாள். பிறகு, பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னாள்:

"சும்மா உக்காரு பியூலா. அன்னைக்கு ரோபோ ரிப்பேரு. எனக்கும் டாக்டர் கையாலதான் அறுத்தாரு."