சிவசைலம் வீட்டுச் சொல்

ஆன்லைனில் ஒரு பொருளைப் பரிந்துரைத்து விற்கும் வீட்டில், மூத்தவர்தான் தம் குரலில் உறுதி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உறுதி தவறினால் ஏழு வருஷத்துக்கு அந்தக் குடும்பத்தின் செய்தி எதுவும் எவருடைய போனுக்கும் போகாது.

மருமகள் பூரணியின் வியாபாரத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக உறுதி கொடுத்தவர் சிவசைலம். ஒரு பொருளும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையில் அவர் கழுத்து யாருக்கும் வளைந்ததில்லை.

அன்று பூரணி ஒரு கிண்ணம் மாவை அவர்முன் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க மாமா. நாம வித்த கிரைண்டர்ல கல்லு உதிருது."

விரலில் நறநறத்தது. "எவனாவது புகார் சொன்னானா?"

"யாரும் இன்னும் நம்மளவுக்கு ஓட்டலை. பிள்ளைங்க வயித்துக்குள்ள போகுமுன்னே நீங்க சொல்லிடணும்."

"சொன்னா உறுதி தவறினதாயிடும். அடுத்த மாசம் உன் மக கல்யாணம். போன்ல பத்திரிகை ஒருத்தனுக்கும் போகாது, தெரியுமில்ல?"

"தெரியும். உங்க வார்த்தையை நம்பித்தானே மாமா வாங்கினாங்க?"

இப்படியொரு பெண்ணைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்ததற்காக அவர் தம்மையே மெச்சிக்கொண்டார். பிறகு வாங்கினவர்களுக்கு அனுப்பப் போனை எடுத்துத் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது தப்பு. அந்தக் கிரைண்டரை ஓட்டாதீங்க."

அதுவே அந்த வீட்டிலிருந்து போன கடைசிச் செய்தி.

மறுவாரம் மஞ்சள் தடவிய பத்திரிகைகளோடு வெயிலில் உறவுக்காரர் வீடுகளைத் தேடி நடந்தார். ஒரு தெருவில் முன்பின் தெரியாத பெண்ணிடம் வழி கேட்டார்.

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கிரைண்டரை ஓட்டாதீங்கன்னு சொன்ன குரலாச்சே! உள்ளே வாங்கய்யா. எங்களுக்குப் பத்திரிகை கிடையாதா?"

சிவசைலம் கழுத்தை வளைத்து, இரண்டு கைகளாலும் ஒன்றை நீட்டினார்.