மேலே போக ஓர் ஆள்

சதுரங்கப் பலகையில் கஜேந்திரன் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதுமே சுமன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். மச்சான் இப்படி நிதானமாக ஆடத் தொடங்கிவிட்டால் அவனை அசைப்பது லேசில்லை.

மண்சரிவு எச்சரிக்கை வந்து, ராகலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்து ஜனம் பள்ளிக்கூடத்தில் அடைந்து இரண்டு நாளாகிறது. சுமனின் அப்பா செல்லசாமி மட்டும், கன்று போட இருக்கும் பசுவை விட்டு வரமாட்டேன் என்று மேல் லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டார். இன்று காலை லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது.

"மழை விட்டதும் ஒரே ஒரு ஆள் போய் அவரைக் கூட்டிட்டு வரலாம். ரெண்டாவது ஆள விடமாட்டேன்" என்று கிராம சேவகர் கறாராகச் சொல்லிவிட்டார். மகனா, மருமகனா? மழை விடுவதற்குள் அதை முடிவு செய்யத்தான் இந்த ஆட்டம்.

"சீட்டுக் குலுக்கிப் போட்டா என்னண்ணே?" என்றாள் நிஷாந்தி. சுமனின் தங்கை, கஜேந்திரனின் மனைவி. எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"குலுக்கினா தலையெழுத்து. இதுன்னா அவங்கவங்க கையில இருக்கு" என்றான் சுமன். ஆட உட்காரும் முன்பே காற்சட்டையை மடித்துவிட்டு, அட்டை கடிக்காமலிருக்கக் காலெல்லாம் சவர்க்காரம் பூசியிருந்தான். எதிலும் அவசரக்காரன்.

கஜேந்திரன் இன்னொரு சிப்பாயைத் தூண்டிலாக நீட்டினான். சுமன் அதை வெட்டினான். வெட்டிய சிப்பாயைக் காப்பாற்ற அடுத்ததையும் தள்ளினான். எத்தனையோ ஆட்டம் தோற்றவன்தான், ஆனால் இதில் தோற்கக் கூடாது. தங்கையை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

மேலே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு நின்றது. சுமன் ஜன்னலைப் பார்த்துத் திரும்புவதற்குள் கஜேந்திரனின் ராணி மூலையில் நின்ற கோட்டைக் காயைக் குறிவைத்து நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரிந்தது. பத்தே நிமிடத்தில் சுமனின் ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை.

"அவ்வளவுதான்" என்றான் கஜேந்திரன், மெல்ல.

மழை விட்டிருந்தது. நிஷாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுமன் விருட்டென்று எழுந்து, "போய்ட்டு வந்துர்றேன் புள்ள" என்று வாசலுக்கு நடந்தான்.

கஜேந்திரன் எட்டி அவன் தோளைப் பிடித்து வாங்கில் உட்கார வைத்தான்.

"பேச்சு மாறாதீங்க மச்சான். ஜெயிச்சவன்தானே போகணும்."