தாளின் வலது பக்கம்

பயிற்சியில் கொடுத்த தாளில் இடது பக்கம் வேலை, வலது பக்கம் வீடு. ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுவதற்கு மூன்று கோடுகள்.

தோட்டத் தலைவர் அழகையா தன் தாளை வாசித்துவிட்டு உட்கார்ந்தார். அதே தோட்டத்தின் மாதர் தலைவி சிவசக்தி அடுத்து எழுந்தாள்.

பசறைக் கடைத்தெருவில் ஒரு மாடி மண்டபம். டிசம்பர் இருபத்தொன்பது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தொழிற்சங்கத் தலைவர்களும் மாதர் தலைவிகளுமாக இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு நல்ல தலைவர் வருடத்தை வேலையிலும் வீட்டிலும் எப்படி வெற்றியோடு முடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருநாள் பயிற்சி.

சொல்லிக்கொடுத்தவர் கொழும்பிலிருந்து வந்த சிங்களவர். நல்ல மனிதர். அவர் பேசுவதைத் தமிழிலும், இவர்கள் பேசுவதைச் சிங்களத்திலும் சொல்வது என் வேலை. நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலையில் தொடங்குவதற்கு முன்னால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன மாத மழையிலும் மண்சரிவிலும் இந்தப் பக்கத்து ஜனங்கள் நிறையப் பட்டுவிட்டார்கள், இன்றைக்கு ஒரு நாளாவது நல்லதைப் பேசட்டும், யாரையும் அழ விட்டுவிடாதீர்கள் றுஸைனா என்றார்.

சிவசக்திக்கு முப்பத்தாறு வயது இருக்கும். பயிற்சிக்கான பட்டியலில் அவள் பெயரை ஒக்டோபரிலேயே சேர்த்திருந்தார்கள். இப்போது பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறாள் என்று மட்டும் தேநீர் நேரத்தில் கேள்விப்பட்டேன்.

அவள் தாளைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"வேலைன்னா, பத்தொன்பது குடும்பங்க. அன்னைக்கு காலையில மேல மண்ணு வெடிச்சிருந்தத நான்தான் மொதல்ல பார்த்தேன். லயத்துல காம்பரா காம்பராவா போய் கதவத் தட்டி, எல்லாரையும் கோயில் பக்கம் அனுப்புனேன். ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல. வீடுன்னா, எங்க காம்பரா கடைசி லயத்துல. கடைசியாத்தான் அங்க போனேன். போறதுக்குள்ள மலை வந்துருச்சு. அவரு, பெரியவ, சின்னவ, மூணு பேரும் உள்ள."

அவ்வளவுதான். அழவில்லை. உட்காரவும் இல்லை. நான் சொல்லி முடிக்கட்டும் என்று மற்றவர்களைப் போலவே அவளும் காத்து நின்றாள்.

பத்தொன்பது குடும்பங்களைப் பற்றிச் சிங்களத்தில் நன்றாகவே சொன்னேன். ஒரு விவரமும் விடவில்லை. அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

பிறகு, வீடு? என்று என்னைப் பார்த்தார்.



காலையில் அவர் சொன்னதை நினைத்துத்தான் அடுத்ததைச் செய்தேன் என்றால் அது பாதிப் பொய். எனக்குப் பயம். நான் உண்மையைச் சொன்னால் அவர் ஏதாவது கேட்பார். அவள் பதில் சொல்வாள். பிள்ளைகளின் பெயர், வயது, என்ன வகுப்பு, எத்தனையாம் நாள் மண்ணிலிருந்து எடுத்தார்கள் என்று எல்லாமே என் வாய் வழியாகப் போகவேண்டியிருக்கும்.

வீட்டில் கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் சுகமாக இருக்கிறார்கள், இவள் எப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் கைதட்டினார்.

அவர் தட்டுவதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் என்ன ஏதென்று தெரியாமலே தட்டினார்கள். அழகையாவுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காலையிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான் என்று அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். வேலைக்காக வீட்டை விடவில்லை, வீட்டுக்காக வேலையை விடவில்லை, வருடத்தை முடித்தால் இந்தப் பெண்ணைப் போல முடிக்கவேண்டும் என்றார்.

இப்போது அதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

சேர் உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

அவர் முதல் சான்றிதழை அவள் கையில்தான் கொடுத்தார். படம் எடுத்தார்கள். அவள் சான்றிதழைப் பிடிக்கச் சொன்ன மாதிரியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்கள். அவருடைய வாகனமும் போய்விட்டது. கதிரைகளை அடுக்கிவிட்டு நான் வெளியே வந்தபோது அவள் மட்டும் மாடிப்படியில் நின்றிருந்தாள்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஏதோ உளறினேன்.

அவள் சிங்களத்தில் பதில் சொன்னாள்.

திருத்தமான கொழும்புச் சிங்களம். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருடம் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாளாம். நான் அவரிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் விளங்கியது என்றாள். வேண்டுமென்றால் அங்கேயே திருத்திச் சொல்லியிருக்கலாம், சொல்ல மனம் வரவில்லை என்றாள்.

பிறகு தமிழுக்கு மாறினாள்.

"அவங்க வீட்டுல பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்களே மிஸ். அத ஒரு தடவ தமிழ்ல சொல்லுங்க."

சிங்களத்தில் ஒரே மூச்சில் வந்த வாக்கியம். தமிழில் அதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

கீழே அவள் போகவேண்டிய நமுனுகுல பஸ் புறப்பட்டுப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.