சந்தனம் வைத்த கார்டு

சபேசன் கடைசியாகப் பழுது பார்த்தது வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள், இணையத்துக்குப் போன் போடும் மோடம் ஊமையாகிவிட்டது. வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவ நேரம். செய்தி மின்னஞ்சலில்தான் வரும். அவர் லினக்ஸ் திரையில், கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒதுக்கியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மோடமும் நெட்வொர்க் கார்டும் ஒரே நம்பரப் புடிச்சுக்கிட்டு சண்ட போடுதுங்க, நாச்சியா. நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?”

“பூஜைக்குக் கார்டக் கழட்டி சந்தனம் வச்சேங்க... வேற ஸ்லாட்டுல மாட்டிட்டேன் போல.”

“உள்ள கைய விட்டுப் பொட்டு வச்சவ நீ ஒருத்திதாண்டி!”

சிரித்துக்கொண்டே பழைய இடத்தில் மாட்டினார். மோடம் கீச்சிட்டது, அவரும் கூடவே கீச்சிட்டார். பேத்தி பிறந்திருந்தாள்.

அடுத்த வாரம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பேத்தி இப்போது வேலைக்குப் போகிறாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நாச்சியார் சிரித்துவிடுகிறாள். கார்டு அவர் மாட்டிய ஸ்லாட்டிலேயே இருக்கிறது, காய்ந்த சந்தனத்தோடு.