முதல் புகாரில் இல்லாத பெயர்

"உங்க புருஷனைக் குத்தினதை நேரா பார்த்தவங்க நீங்க. குத்தினவன் பங்காளி. ஸ்டேஷன்ல அவன் பேரை ஏம்மா சொல்லல?" தீர்ப்பை மூடினார் வக்கீல் சோபனா. "அதனாலதான் விடுதலை பண்ணிட்டாங்க."

"பங்காளிதான் குத்துனான்னு சொன்னேனுங்க," என்றாள் குள்ளம்மாள்.

"எந்தப் பங்காளி? அப்புறமா கோர்ட்டுல கைகாட்டினதை ஜட்ஜ் நம்பலை. அப்பீல்லயும் இதைத்தான் கேப்பாங்க. எங்கிட்டயாவது அவன் பேரைச் சொல்லுங்க, பார்ப்போம்."

குள்ளம்மாள் கையை நீட்டினாள். முன்கையில் பச்சை குத்தியிருந்த பெயரைக் காட்டினாள். மாதையன்.

"இது செத்துப்போன உங்க வூட்டுக்காரர் பேராச்சே!"

"ரெண்டு பேருக்கும் பாட்டன் பேரைத்தானுங்க வெச்சாங்க. கட்டுனவரு பேரை எப்படிங்க வாயால சொல்றது?"