யார்டு கிரேனின் ரிமோட்

மின்காந்த இடையூறு பற்றிய பயிற்சியின் முதல் நாள். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்களைக் கவச அறைக்குள் கூட்டிவந்து, கனத்த இரும்புக் கதவைப் பயிற்சியாளரான அவளே இழுத்துச் சாத்தினாள். இங்கிருந்து எந்த அலையும் வெளியே போகாது என்று விளக்கினாள். மேசைமேல் யார்டு கிரேனின் ரிமோட் இருந்தது. யாரோ வாக்கி டாக்கியில் பேசியபோது அந்த அலை பட்டுக் கிரேன் தானாக நகர்ந்ததில்தான், அதை இயக்கிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி செத்துப்போனான்.

"அலையாவது கிலையாவது! அந்தப் பையன் கவனிக்காம பட்டனை அமுக்கிட்டான்," என்றார் பார்வையிட வந்திருந்த மேனேஜர்.

அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. "என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க சார்."

"எத்தனை தடவை சொல்றது? அவன் தப்புதான்."

ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"விளையாடாதீங்க மேடம். பேட்டரியைக் கழட்டுங்க," என்றார் மேனேஜர்.

அவள் ரிமோட்டைத் திருப்பிக் காட்டினாள். பேட்டரி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க சார்!" என்று கத்தினாள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்து விறுவிறுவென்று வெளியேறினார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

விபத்துக்குப் பிறகு மின் இணைப்பைத் துண்டித்து யார்டின் கோடியில் நிறுத்தியிருந்த கிரேன், இப்போது இந்தக் கட்டடத்தின் வாசலுக்கு வந்து நின்றிருந்தது. அதன் கொக்கி மேனேஜருடைய காரின் ஓட்டுநர் இருக்கைக்கு நேர்மேலே ஆடாமல் அசையாமல் தொங்கியது.

"ஏறுங்க சார்," என்றாள் அவள். "ஏன் நிக்கிறீங்க?"

மேனேஜர் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.