மேல் இடது மூலை

பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் ஒரு மருந்துக்கடைச் செயலிக்குத் திரைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தாள் ரதோஸ்தினா. பொத்தான்களைக் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில்தான் வைப்பாள். எட்டாத மேல் இடது மூலையைக் காலியாக விட்டிருந்தாள். சோதனைக் கைபேசியில் சரியாக அந்த மூலையில் தினமும் காலையில் ஓர் எண்ணெய்க் கைரேகை இருந்தது. துடைத்துவிட்டுப் போனாலும் மறுநாள் இருக்கும். ஊசிப்போன கொழுப்பின் வீச்சம் வேறு.

"எண்ணெய் வழியற பனீட்சா பலகாரம் தின்ன கையைக் கழுவவே மாட்டியாடா, பிளாமென்? கருமம்!" என்று பக்கத்து மேசையில் வேலை செய்பவனிடம் சீறினாள்.

"அட போடி, உன் போனை எவன் தொட்டான்? அங்கதான் அமுக்கறாங்கன்னா அங்கயே ஒரு பொத்தானை வச்சுத் தொலையேன்."

அந்த மூலையிலேயே ஒரு பொத்தானை வைத்தாள். மேசையில் கிடந்த கைபேசியில் யாரும் தொடாமலே அந்தப் பொத்தான் அமுங்கி எழுந்தது. ரேகை ஈரமாக மினுங்கியது. அழுத்தித் துடைத்தாள், துணி சுத்தமாகவே இருந்தது. ரேகை கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.